கருவிப் பற்றரிகளின் தரமறியும் முறை

ஆண்டு விழா மலருக்கு ஆசிரியர் ஒருவர் எழுதப் புகுந்தால் மொழியின் சிறப்பையோ பண்பாட்டின் தொன்மையையோ எழுதுவதே வழக்கம். நாமும் கடந்த ஆண்டுகளில் அவ்வாறே எழுதியுள்ளோம். இம்முறை அவ்வழக்கத்தை விடுத்து, துளையிடும் கருவிக்குப் பூட்டும் பற்றரியைப் பற்றி எழுத நேர்ந்துள்ளது. பொருள் சிறிதெனத் தோன்றலாம். எனினும், எம்மவர் வீடுகளில் பிள்ளைகள் உறங்கும் அறைக்கு அருகே இரவிரவாக நிகழும் ஒன்றைப் பற்றியதாகையால், வாசகர்கள் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகின்றோம்.

சென்ற ஆண்டு விழாவுக்கு முதல்நாள் மாலை மோர்டென்ஸ்ருட்டில் மேடையின் பின்திரைக்கு மரச்சட்டம் பூட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளின் நடனத்தையும் நாடகத்தையும் கண்டு மகிழ்வோர் பலர். அச்சட்டத்தைப் பூட்டுவோர் நால்வரோ ஐவரோதான். அவர்களுள் ஒருவர் வீடு திருத்தும் தொழில் செய்பவர். அவருடைய பிள்ளைகள் இருவர் எம்மிடம் பயில்கின்றனர். அன்று அவருடைய ட்றில் திருகாணியைப் பாதிவரை இறக்கிவிட்டு நின்றுவிடும். சற்று இளைப்பாறவிட்டால் மீண்டும் ஓடும். அடுத்த ஆணியில் மறுபடி நிற்கும். பற்றரியைக் கழற்றிய நாம் அதனைக் கையில் வைத்திருக்க இயலாது மேசைமீது போட்டோம். அத்துணைச் சூடு.

அது கருவியைச் செய்த நிறுவனத்தின் பற்றரியன்று. அதே வடிவில், அதே நிறத்தில், வேறெவரோ செய்து இணையவழி விற்கும் மாற்றுப் பற்றரி. மூலப் பற்றரி ஒன்றின் விலைக்கு இவ்வாறானவை மூன்று வாங்கலாமாம். அவர் இரண்டு வாங்கியிருந்தார்.

"மாஸ்ரர், இதில ஒன்பது எண்டு போட்டிருக்கு. கொம்பனிப் பற்றரியில ஐஞ்சுதான். அப்ப இதெல்லோ கூட நேரம் ஓட வேணும்? நீங்கள் ஊரில விஞ்ஞானம் படிப்பிச்சனீங்கள், சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

நாம் வேறொரு வினாவையே திருப்பிக் கேட்டோம்: இதனை வீட்டில் எங்கே வைத்து மின்னேற்றுகின்றீர்கள்? வாசற்கதவுக்கு அருகில், சப்பாத்துத் தட்டின்மேல், படுக்கைக்குப் போகுமுன் பூட்டிவிடுவதாகச் சொன்னார். அவருடைய வீடு மூன்றாம் மாடியில் உள்ளது. அந்த வாசலன்றி வெளியேற வேறு வழியில்லை.

அவருடைய வினாவுக்கு அன்று எம்மால் உடனே விடையளிக்க முடியவில்லை. விழா முடிந்தபின் அவ்விரு பற்றரிகளையும் அவருடைய பழைய மூலப் பற்றரி ஒன்றையும் வாங்கிவைத்து, சில வாரங்களாக அளந்து பார்த்தோம். அந்த அளவீடுகளையும் அவற்றின் பின்னாலுள்ள விஞ்ஞானத்தையும் ஏனைய பெற்றோரும் அறியத் தருவதே இக்கட்டுரை.

உலர்கலம் கற்பித்த பாடம்

பற்றரியைச் சோதிக்கும் வித்தையை நாம் முதலிற் கற்றது வகுப்பறையிலன்று. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் பற்றரியும் ஒன்றாகும். நாம் அப்போது சிறுவர். வீடுகளில் மின்சாரமில்லை, ஜாம் போத்தல் விளக்குத்தான். வானொலிச் செய்தி கேட்பதற்காகத் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி டைனமோவைச் சுழற்றியவர்கள் இம்மலரைப் படிப்போருள்ளும் இருப்பர். கைவசமிருந்த உலர்கலங்களை வெயிலிற் காயவைத்தும், துளையிட்டு உப்புநீர் விட்டும் மீண்டும் மீண்டும் உயிர்ப்பித்த காலம் அது.

எமது சித்தப்பா வானொலி திருத்துபவர். எங்கிருந்தோ வந்து சேரும் உலர்கலமொன்று பன்மடங்கு விலைக்கு விற்கும். ஆகவே வாங்குமுன் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். வோல்ற்றுமானியை வைத்தால் பழைய கலமும் 1.4 வோல்ற்று என்று காட்டும். பார்ப்பவர் நல்ல கலமென்றே நினைப்பார். சித்தப்பா உடனே ஒரு டோர்ச் மின்குமிழை அதில் தொடுத்து, குமிழ் எரிந்துகொண்டிருக்கையிலேயே மானியை மறுபடி வைப்பார். நல்ல கலமாயின் ஊசி சிறிதளவே இறங்கும். தேய்ந்த கலமாயின் ஒன்றுக்குக் கீழே விழும். "கட்டையில நிக்கிற மாட்டின்ர பலம் ஆருக்குத் தெரியும்? வண்டியில பூட்டிப் பாக்க வேணும்" என்பார்.

இதற்கான காரணத்தை நாம் பின்னர் பாடப்புத்தகத்திற் படித்தோம். எந்த மின்கலத்துக்கும் தன்னுள்ளே ஒரு தடை உண்டு. அதனை அகத்தடை என்பர். மின்னோட்டம் பாயாதபோது அத்தடை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஓட்டம் பாயத் தொடங்கியதும் கலத்தின் அழுத்தத்தில் ஒரு பகுதி அங்கேயே செலவாகி, எஞ்சியதே வெளியில் வருகின்றது. உள்ளே செலவானது வெப்பமாகின்றது. 2002 இல் நோர்வேயின் அனுசரணையுடன் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிப் பாதையும் திறந்தபின் உலர்கலங்கள் கடைகளிற் குவிந்தன. ஆசிரியராகி வகுப்பில் நின்றபோது அகத்தடை பற்றிய பாடத்துக்கு நாம் எடுத்துச் சென்றவை சித்தப்பாவின் டோர்ச் குமிழும் ஒரு பழைய கலமுமே. இன்று மோர்டென்ஸ்ருட்டில் அளக்கும் பற்றரி எத்துணை நவீனமாயினும் முறை அதுவேதான்.

பெட்டியினுள்ளே இருப்பவை

கம்பியற்ற துளைகருவியை 1961 இல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம். அதிலும் அதன்பின் வந்த கருவிகளிலும் நெடுங்காலம் இருந்தவை நிக்கல்–கட்மியம் கலங்கள். அவற்றைக் கண்டுபிடித்தவர் எமது அயல்நாடான சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர், ஆண்டு 1899. கட்மியம் நச்சு உலோகமாகையால், கம்பியற்ற கருவிகளில் அதனைப் பயன்படுத்த அளிக்கப்பட்டிருந்த விலக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 இன் இறுதியுடன் முடிவுக்கு வந்தது. சொனி நிறுவனம் 1991 இல் சந்தைப்படுத்திய இலித்தியம்–அயன் கலம் 2005 அளவில் கருவிகளுக்குள் நுழைந்து, இன்று அவ்விடத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டது.

இவ்விடத்தில் எம் மாணவர்க்காக ஒன்றைக் கூறவேண்டும். இலித்தியம்–அயன் கலத்தை ஆக்கியமைக்காக 2019 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்ஹம், அகிரா யொஷினோ ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. குடினஃபுக்கு அப்போது வயது 97. ஸ்ரொக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவர் ஒரு தமிழர். தமிழ்நாட்டின் அமராபுரம் எனும் சிற்றூரில் 1951 இல் பிறந்து, மதுரையிற் பயின்று, சென்னை ஐ.ஐ.ரி.யில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1985 இல் ஒக்ஸ்பேர்ட்டில் குடினஃபுடன் இணைந்த பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம் அவர்கள். இலித்தியம் கலத்தின் நேர்முனைக்கு உகந்த பதார்த்தங்களை ஆராய்ந்ததில் அவருடைய பங்கு பெரிது. இங்குள்ள பிள்ளைகள் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை என்பது எமக்குக் குறையே.

மீண்டும் பொருளுக்கு வருவோம். மேசைமீது கிடந்த பற்றரியில் 18 வோல்ற்று என்று எழுதியிருந்தது. தனி இலித்தியம் கலமொன்றின் பெயரளவு அழுத்தம் 3.6 வோல்ற்று. ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் 18. முற்றாக மின்னேற்றியபின் ஒவ்வொன்றும் 4.2 ஆகையால் மொத்தம் 21. சில நிறுவனங்கள் அமெரிக்காவில் 20 வோல்ற்று என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ற்று என்றும் எழுதி விற்பது ஒரே பற்றரியைத்தான். 20 என்றிருப்பதைக் கண்டு வலுக் கூடியதென எண்ணவேண்டாம்.

பெரும்பாலான இத்தகைய பற்றரிகளில் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமுமுள்ள உருளைக் கலங்கள் உள்ளன. அவ்வளவுகளைச் சேர்த்தே அவற்றை 18650 என்று அழைப்பர். சிறிய பற்றரியில் ஐந்து கலங்கள். பெரியதில் இவ்விரண்டாகப் பக்கமிணைத்த பத்துக் கலங்கள். அவற்றோடு ஒரு மின்சுற்றுப் பலகையும் உண்டு. அப்பலகையே பற்றரியின் காவலாளி. வெப்பத்தை அறிவதும், கலங்களின் அழுத்தத்தைக் கண்காணிப்பதும், ஆபத்தெனில் சார்ஜருக்கும் கருவிக்கும் தெரிவிப்பதும் அதன் கடமை.

தாளும் தராசும்

பற்றரியைத் தொடாமலே செய்யத்தக்க சோதனை கணக்கு. எமது ஏழாம் வகுப்பு மாணவர்க்கும் இது இயலும்.

அம்பியர்–மணி என்பது பற்றரியின் கொள்ளளவு. ஐந்து அம்பியர்–மணி என்றால் ஓர் அம்பியர் ஓட்டத்தை ஐந்து மணிநேரம் தரவல்லது என்று கொள்க. 18650 வகைக் கலங்களுள் சந்தையிலுள்ள மிகச் சிறந்தவையே 3.5 அம்பியர்–மணி அளவினவை. பத்துக் கலங்களை இவ்விரண்டாக இணைத்தால் உச்சமாக ஏழு. அப்படியிருக்க, ஐந்து என்றெழுதிய மூலப் பற்றரியின் அதே பெட்டிக்குள் அதே அளவுக் கலங்களை அடைத்துவிட்டு ஒன்பது என்று எழுதுவது எங்ஙனம்? 21 மில்லிமீற்றர் விட்டமும் 70 மில்லிமீற்றர் நீளமுமுள்ள பெரிய கலங்கள் பத்து இருப்பின் ஒன்பது சாத்தியமே. ஆனால் அவை கலமொன்றுக்கு ஏறத்தாழ 70 கிராம் நிறையுடையவை, பெட்டியும் பருத்திருக்கும். தந்தையாரின் பற்றரியோ மூலப் பற்றரியோடு அச்சொட்டாகப் பொருந்தி நின்றது. ஆகவே மேலொட்டிய தாளில் உள்ளது பொய்யென்பது அளக்குமுன்னரே உறுதியாயிற்று.

உண்மையில் ஏழு கூடக் கிடைப்பதில்லை. நல்ல மூலப் பற்றரிகளே ஐந்து அல்லது ஆறோடு நின்றுகொள்வதற்கு ஒரு காரணமுண்டு. கலத்தினுள்ளே மின்வாய்களைத் தடிப்பாகச் செய்தால் கூடிய ஆற்றலைச் சேமிக்கலாம். ஆனால் அதனை விரைவாக வெளியே எடுக்க முடியாது. மெல்லியதாகச் செய்தால் விரைவாகத் தரும், சேமிப்புக் குறையும். குளமும் மதகும் போல. மடிகணினிக்கு ஆற்றல் மெல்ல மெல்லப் போதும். மரத்தைத் துளைக்கும் கருவிக்கோ ஒரே கணத்தில் 20 அம்பியருக்கு மேல் வேண்டும். கருவிக்கெனச் செய்த கலங்கள் 2.5 அல்லது 3 அம்பியர்–மணியோடு அமைவது இதனாலேதான். பெரிய இலக்கத்தைக் கண்டு மயங்குவோர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

அடுத்தது தராசு. 18650 கலமொன்று 45 கிராமுக்கும் 50 கிராமுக்கும் இடைப்பட்டது. உள்ளே பதார்த்தம் குறைந்தால் நிறையும் குறையும். சமையலறைத் தராசில் வைத்தோம். ஐந்து என்றெழுதிய மூலப் பற்றரி 630 கிராம். ஒன்பது என்றெழுதியது 550. பக்கத்தில் நின்ற எமது மகள், "அப்பா, ஒன்பது ஐஞ்சை விடப் பாரம் குறைவோ?" என்று கேட்டாள். தராசு மட்டும் தீர்ப்பளிக்காது என்பதையும் சொல்லவேண்டும். நிறைக்காக மணலோ இரும்போ வைத்து ஏமாற்றியவர்களும் உளர். எனவே பாரமாயிருப்பது நல்லதென்பதற்குச் சான்றன்று. இலேசாயிருப்பது தீயதென்பதற்கு நல்ல சான்று.

சுமையேற்றிப் பார்த்தல்

இனிச் சித்தப்பாவின் முறை. இங்கு டோர்ச் குமிழுக்குப் பதிலாக, 12 வோல்ற்று 55 வாற்று மோட்டார் வாகன முன்விளக்குக் குமிழ்கள் இரண்டைத் தொடராக இணைத்தோம். 18 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து இவை ஏறத்தாழ 4 அம்பியர் எடுக்கும். நடுவில் 10 அம்பியர் உருகியொன்றும், ஓட்டத்தை அளக்க ஒரு மானியும், அழுத்தத்தை அளக்க ஒரு பல்மானியும். இதனைப் பிள்ளைகளிடம் விடவேண்டாம். இரு முனைகளும் தவறித் தொட்டுக்கொண்டால் குறுஞ்சுற்றாகிக் கம்பி உருகிவிடும். குமிழ்களும் தொட்டால் சுடும். நாம் வீட்டின் பின்புறத்தில், சீமெந்து நிலத்தில், அருகே ஒரு வாளி நீருடன் செய்தோம்.

மூலப் பற்றரி முதலில். சும்மா இருக்கையில் 20.4 வோல்ற்று. குமிழ் எரிகையில் 20.0. இழப்பு 0.4, அதனை 4 அம்பியரால் வகுத்தால் அகத்தடை ஏறத்தாழ 0.1 ஓம். மாற்றுப் பற்றரியும் சும்மா இருக்கையில் 20.4 என்றே காட்டியது. குமிழ் எரிந்ததும் 19.2. இழப்பு 1.2, அகத்தடை 0.3 ஓம். மும்மடங்கு.

இந்த 0.2 ஓம் வேறுபாட்டால் என்ன வந்துவிடப்போகிறது என்று எண்ணத் தோன்றும். கடினமான மரத்தில் ட்றில் 20 அம்பியர் எடுக்கும் வேளையைக் கணக்கிடுவோம். மூலப் பற்றரியில் அழுத்தம் 2 வோல்ற்றினால் இறங்கும். மாற்றுப் பற்றரியில் 6 வோல்ற்றினால். 20.4 இலிருந்து 6 போனால் 14.4. கலமொன்று 3 வோல்ற்றுக்குக் கீழ் இறங்காதவாறு இத்தகைய கருவிகள் ஏறத்தாழ 15 வோல்ற்றில் தாமே நின்றுவிடும். மேடையில் பாதி ஆணியோடு ட்றில் நின்ற மர்மம் இதுதான். பற்றரியில் மின் இல்லையென்பதன்று. இருந்த மின்னை வெளியே தர இயலவில்லை. சற்று ஓய்வு கொடுத்ததும் அழுத்தம் மீண்டு மறுபடி ஓடியதும் இதனாலேயே.

சூட்டுக்கும் இதே கணக்குத்தான். வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்க வருவது. 20 ஐ 20 ஆற் பெருக்க 400, அதனை 0.1 ஆற் பெருக்கினால் 40 வாற்று, 0.3 ஆற் பெருக்கினால் 120 வாற்று. கையடக்கமான பெட்டியொன்றுக்குள் 120 வாற்று வெப்பம் பிறந்தால் கையில் வைத்திருக்க முடியுமா?

கொள்ளளவை அறிய, அதே குமிழ்களை எரியவிட்டு நேரத்தைக் குறித்தோம். 15 வோல்ற்றை அடைந்ததும் நிறுத்தவேண்டும். பற்றரியை இவ்வாறு நேரடியாகத் தொடுக்கும்போது நிறுத்துவதற்குக் கருவியின் காவல் இல்லை. கண் அயர்ந்தால் கலம் அளவுக்கு மீறி வடிந்து பழுதாகும். மூலப் பற்றரி, பழையதாயினும், ஒரு மணி எட்டு நிமிடம் எரிந்தது. அதாவது ஏறத்தாழ 4.5 அம்பியர்–மணி. ஒன்பது என்றெழுதியது 50 நிமிடத்தில் முடிந்தது. 4 ஐ 50 ஆற் பெருக்கி 60 ஆல் வகுத்தால் 3.3. ஒன்பதில் மூன்றிலொன்றைக் காட்டிலும் சற்றே கூட.

நேர்மையின் பொருட்டு ஒன்று சொல்லவேண்டும். கலத்தின் கொள்ளளவை உற்பத்தியாளர் அளக்கும் நியம முறை, ஐந்து மணிநேரத்தில் மெதுவாக வடியச் செய்வது. அதுவும் 20 பாகை அளவான வெப்பநிலையில். நாம் அளந்த வேகத்தில் எந்தப் பற்றரியும் சற்றுக் குறைவாகவே காட்டும். ஆனால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே முறையில் அளந்தமையால் ஒப்பீடு நியாயமானதே. ஒஸ்லோவின் தை மாதத்தில் வாகனத்தினுள் இரவு கிடந்த பற்றரியைக் கொண்டுவந்து உடனே அளந்தால் எதுவும் தேறாது. வீட்டினுள் சில மணிநேரம் வைத்தபின்பே தொடங்கவேண்டும்.

குமிழும் மானியும் கைவராதவர்கள் என்செய்வது? அதே இனத்துப் பணிவிளக்கு ஒன்று உங்களிடமிருந்தால், முற்றாக மின்னேற்றிய மூலப் பற்றரியைப் பூட்டி அது தானே அணையும்வரை எத்தனை மணி எரிகின்றதெனக் குறியுங்கள். மறுநாள் மாற்றுப் பற்றரியைப் பூட்டிக் குறியுங்கள். நேரங்களின் விகிதமே கொள்ளளவின் விகிதம். விளக்கு தானே நிறுத்திக்கொள்ளுமாகையால் ஆபத்தும் குறைவு. ஆனால் விளக்கு எடுக்கும் ஓட்டம் சிறிது. அகத்தடையை அது மறைத்துவிடும். அதற்கு ஒரே மரக்கட்டையில் ஒரே அளவான நீண்ட திருகாணிகள் இருபதை இடைவிடாது இறக்கி, பின்னர் இரு பற்றரிகளின் அடியையும் தொட்டுப் பாருங்கள். கை சொல்லிவிடும்.

இணையவழி வாங்கிய பொருளைத் திருப்புவதற்கு இந்நாட்டுச் சட்டம் 14 நாட்கள் தருகின்றது. நாம் யாவரும் 'ஆங்ரெறெத்' என்று அறிந்ததே அது. எடையையும் விளக்குச் சோதனையையும் அந்நாட்களுக்குள் செய்துவிடுவது புத்தி. தொலைதூர நாடொன்றிலிருந்து நேரே அனுப்பும் விற்பனையாளரிடம் இவ்வுரிமை ஏட்டளவில் இருந்தாலும் பணத்தை மீட்பது அரிது.

வீட்டில் அளக்க முடியாதவை

இதுவரை கூறியவற்றை மட்டும் அளந்துவிட்டு ஒரு பற்றரிக்கு நற்சான்று வழங்கின் நாம் தவறிழைத்தவர்களாவோம். பற்றரி எத்துணை நேரம் ஓடும் என்பதை மேற்கூறிய சோதனைகள் காட்டும். அது தீப்பற்றுமா என்பதை அவை முழுமையாகக் காட்டா.

தந்தையாரின் இரண்டாவது மாற்றுப் பற்றரியை 20.4 வோல்ற்றில் வைத்துவிட்டு மூன்று வாரம் தொடாதிருந்தோம். நல்ல இலித்தியம் கலம் ஒரு மாதத்தில் இழப்பது மிகச் சொற்பம். மூலப் பற்றரி அவ்வாறே அசையாது நின்றது. இதுவோ 18.9 க்கு இறங்கியிருந்தது. ஐந்து கலங்களும் சமமாக இழந்தன என்று கொள்வதற்கில்லை. பெரும்பாலும் நான்கு கலங்கள் 4.07 அளவில் நிற்க, ஒன்று மட்டும் தன்னுள்ளே கசிந்து 2.6 அளவுக்கு விழுந்திருக்கும்.

இப்போது இதனை மின்னேற்றினால் நிகழ்வதைப் பாருங்கள். தொடராக இருப்பதால் ஐந்து கலங்களுக்கும் ஒரே ஓட்டமே பாயும். ஏற்கெனவே நிரம்பியிருந்த நான்கும் விரைவில் 4.2 ஐ அடைந்துவிடும். ஐந்தாவது அப்போது 3.6 அளவில்தான் இருக்கும். மொத்தம் 20.4. ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கண்காணிக்கும் பலகையாயின் அவ்விடத்தில் ஓட்டத்தை நிறுத்திவிடும். மலிவுக்காகச் செய்யும் சில பற்றரிகளில் பலகை மொத்த அழுத்தத்தை மட்டுமே பார்க்கின்றது. மொத்தம் 21 ஆகவில்லையே என்று அது மேலும் ஓட்டத்தை அனுமதிக்கும். நல்ல கலங்கள் நான்கும் 4.3 ஐத் தாண்டும். அளவுக்கு மீறி மின்னேறிய இலித்தியம் கலம் உள்ளே வெப்பத்தைப் பிறப்பிக்கும். அவ்வெப்பம் மேலும் இரசாயனத் தாக்கத்தைத் தூண்ட, அது மேலும் வெப்பத்தைத் தர, ஒரு கட்டத்தில் எவராலும் நிறுத்த இயலாது போகும். புகையும் சுவாலையும் சில கணங்களில் வெளிவரும். ஒரு கலம் பக்கத்துக் கலத்தையும் பற்றவைக்கும்.

வெப்பத்தை அறியும் சிறு உறுப்பிலும் இதே நிலைமை. மூலப் பற்றரி உறைகுளிரில் இருந்தால் சார்ஜர் ஓட்டம் தர மறுக்கும். பூச்சியப் பாகைக்குக் கீழே மின்னேற்றினால் இலித்தியம் மின்வாயினுள் புகாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து, நாளடைவில் கலத்தினுள்ளே குறுஞ்சுற்றை உண்டாக்கக்கூடும். சில மாற்றுப் பற்றரிகளில் அவ்வுறுப்புக்குப் பதிலாக மாறாத் தடையொன்றை வைத்துவிடுகின்றனர். குளிரானாலும் கொதித்தாலும் சார்ஜருக்கு எப்போதும் "சுகமே" என்ற செய்திதான் போகும். இங்கு ஆறு மாதம் பனி. வேலைவண்டியிலிருந்து இறக்கிய பற்றரியை அப்படியே சார்ஜரில் பூட்டும் பழக்கம் எம்மவரிடையே உண்டு. மூலப் பற்றரியாயினும் அறைச்சூட்டுக்கு வரும்வரை பொறுத்தல் வேண்டும்; மாற்றுப் பற்றரியாயின் பொறுக்காமலிருப்பது விளையாட்டன்று.

உள்ளே என்ன பலகை இருக்கின்றதென்று பெட்டியைத் திறந்து பார்க்கலாமே என்று ஒருவர் கேட்டார். கலங்களை இணைக்கும் தகடுகள் எப்போதும் மின்னோடு நிற்பவை. திருப்புளி வழுக்கினால் போதும். பழக்கமற்றோர் திறவாதிருப்பதே நன்று.

மூலப் பற்றரிகள் யாவும் உத்தமம், மாற்றுப் பற்றரிகள் யாவும் கள்ளம் என்று நாம் கூறவில்லை. கருவி நிறுவனங்களுள் பலவும் கலங்களைத் தாமே செய்வதில்லை. யப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளின் கல உற்பத்தியாளரிடம் வாங்கியே பொருத்துகின்றன. அதே தரமான கலங்களை வாங்கி நேர்மையாகச் செய்யும் மாற்று உற்பத்தியாளரும் உளர். பெயர்பெற்ற இடத்திலும் தவறு நேர்ந்ததுண்டு. 2006 இல் சொனி செய்த கலங்களின் பழுது காரணமாக டெல் நிறுவனம் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிகணினிப் பற்றரிகளை மீளப்பெற நேர்ந்தது. வேறுபாடு எங்கேயெனின், அங்கே மீளப்பெறுவதற்கு ஒரு முகவரி இருந்தது. எமது மேசையிலிருந்த பற்றரியில் செய்தவர் பெயரோ இறக்குமதியாளர் முகவரியோ இல்லை. சீ.ஈ. என்ற இரு எழுத்துகள் மட்டும் இருந்தன. அவையும் செய்தவர் தாமே இடும் உறுதிமொழிதான்.

தந்தையாரிடம் அளவீடுகளைக் கொடுத்தபோது அவர் ஒரு நியாயமான கணக்கைப் போட்டார். "மாஸ்ரர், மூண்டிலொரு விலைக்கு மூண்டு தசம் மூண்டு கிடைச்சிருக்கு. கொம்பனியிட்ட முழு விலைக்கு ஐஞ்சு. பாத்தா இதுதானே லாபம்?" அவர் கூறியது சரியே. ஓர் அம்பியர்–மணிக்கு விழும் விலையைப் பார்த்தால் மாற்றுப் பற்றரியே ஏறத்தாழப் பாதிச் செலவு. பாரவேலையில் அந்த 3.3 உம் முழுதாகக் கிடைக்காது என்று கழித்தாலும் கணக்கு அதன் பக்கமே சாயும். சொந்தமாகத் தொழில் செய்து குடும்பத்தைத் தாங்குபவருக்கு இது அற்ப விடயமன்று. எம்மிடம் எதிர்க்கணக்கு இருக்கவில்லை. மூன்றாம் மாடி வாசலையும் சப்பாத்துத் தட்டையும் மட்டும் நினைவூட்டினோம். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

மறுவாரம் ஒரு மூலப் பற்றரி வாங்கினார். இரண்டாவதை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கினார். சார்ஜர் வாசலை விட்டு நீங்கிக் குளியலறையின் ஓட்டு நிலத்துக்கு, நீர் படாத மூலைக்கு, இடம் மாறிற்று. மேலே புகையறிகருவி ஒன்றும் பூட்டப்பட்டது. உறங்குமுன் பூட்டும் வழக்கம் போய், மாலையில் வேலை முடிந்து வந்து, பற்றரி ஆறியபின் பூட்டி, படுக்கைக்கு முன் கழற்றுவது வழக்கமாகியுள்ளது. விழித்திருக்கையில் மட்டுமே மின்னேற்றுங்கள் என்பதே இந்நாட்டுத் தீயணைப்புப் படையினரும் திரும்பத் திரும்பச் சொல்வது. புகை கண்டால் பற்றரியைத் தூக்கிச் செல்ல முயலாது பிள்ளைகளோடு வெளியேறிக் கதவைச் சாத்திவிட்டு 110 ஐ அழைக்கவேண்டும்.

அந்த இரு மாற்றுப் பற்றரிகளின் முனைகளிலும் ஒட்டுநாடா சுற்றி நாமே குரொன்மோ மீள்பயன்பாட்டு நிலையத்தில் ஒப்படைத்தோம். பற்றரி விற்கும் கடைகளும் பழையவற்றைக் கட்டணமின்றி ஏற்க வேண்டுமென்பது இங்குள்ள விதி. வீட்டுக் குப்பைப் பையில் போட்டால் குப்பையை நசுக்கும் வண்டியிலோ ஆலையிலோ தீ மூளும்.

இவ்வாண்டு விழாவுக்கு முன்வரும் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு, மேடை வேலை தொடங்குமுன், மண்டபத்தின் பின்புறத்தில் தராசு, பல்மானி, குமிழ்கள் ஆகியவற்றுடன் நாம் நிற்போம். தத்தம் பற்றரியைச் சோதிக்க விரும்பும் பெற்றோர் அதனை முதல்நாளே முற்றாக மின்னேற்றி, அறைச்சூட்டில் வைத்துக் கொண்டுவருக. ஒப்பீட்டுக்கு அதே இன மூலப் பற்றரியொன்றும் இருந்தால் நன்று. ஒன்றுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் செல்லுமாதலால் அன்று மாலை மூன்று அல்லது நான்கு பற்றரிகளையே அளக்கலாம். அளவீடுகளை ஒன்பதாம் வகுப்பு மாணவர் கொப்பியில் தமிழில் பதிவர்.